பழைய வீட்டுக்கு ஹீட் பம்ப்: மானியம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

வெந்நீர், ஹீட் பம்ப் (சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின்கருவி), அரசு மானியம் என்று பெங்களூரு வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பலவும் முப்பது, நாற்பது, எழுபது வருடப் பழைய வீடுகளைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

“இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கும் என் மகன், ஹீட் பம்ப் போட அரசாங்கமே 7,500 பவுண்டு தருகிறது என்கிறான். எங்கள் மல்லேஸ்வரம் வீடு 1950களில் கட்டியது. நாலு பேர் இருக்கிறோம், இரண்டு கீசர் ஓடுகிறது, மாதம் 330 யூனிட் ஆகிறது. நமக்கும் அப்படி மானியம் உண்டா? அவன் வீடும் பழைய வீடுதான். அவன் எதைக் கவனிக்க வேண்டும்?”
– வாசகர், மல்லேஸ்வரம்

மகன் சொல்வது சரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்’ 2022 மே மாதம் தொடங்கியது. காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பம்புக்கு முதலில் 5,000 பவுண்டு கொடுத்தார்கள். 2023 அக்டோபர் 23 முதல் அது 7,500. ஸ்காட்லாந்துக்குத் தனித் திட்டம் இருக்கிறது. உங்கள் மகன் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஹீட் பம்ப் பொருத்துவதற்கான எம்.சி.எஸ். தரச் சான்று பெற்ற நிறுவனம், ஆஃப்ஜெம் என்ற எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பிடம் விண்ணப்பித்து, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் பில் போடும். உரிமையாளர் என்ற முறையில் தனக்கு வரும் மின்னஞ்சலில் அவர் ஒப்புதல் தர வேண்டும். காற்று ஹீட் பம்புக்கான வவுச்சர் மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், வேலைக்கு ஆள், பொருள், தேதி எல்லாம் முடிவான பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

அவர் கவனிக்க வேண்டியது ரேடியேட்டரை. எரிவாயு பாய்லர் 70 டிகிரி வாக்கில் தண்ணீரைச் சுற்றவிடும். ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட 45 முதல் 50 டிகிரிதான் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் அதே ரேடியேட்டர் தரும் வெப்பம் முன்பு தந்ததில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். சுவரிலும் பரணிலும் வெப்பக் காப்பு இல்லாத வீட்டில் அறை குளிரும். உடனே மெக்கானிக் வந்து சூட்டை 60க்கு ஏற்றிவிட்டுப் போவார். அதோடு சிக்கனம் போயிற்று. அங்கே ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் எரிவாயுவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட்டாவது வெப்பம் கிடைக்காவிட்டால் பில் முன்பைவிடக் கூடிவிடும். காப்பு வேலையை முடித்திருந்தால்தான் மானியம் என்ற நிபந்தனையை 2024 மே மாதம் நீக்கிவிட்டார்கள். நிபந்தனை போனாலும் தேவை போகவில்லை. பரணில் காப்பு விரித்து, அறை அறையாகப் போட்ட வெப்ப இழப்புக் கணக்கைத் தாளில் வாங்கிப் பார்த்த பிறகே மகன் கையெழுத்துப் போடட்டும். ‘பாய்லர் 24 கிலோவாட், அதனால் பம்பும் பெரிதாக இருக்கட்டும்’ என்று பேசும் நிறுவனம் வேண்டாம்.

இனி மல்லேஸ்வரம். இங்கே வீட்டைச் சூடாக்கும் வேலை இல்லை. ஜனவரி விடியற்காலையிலும் சராசரி 15, 16 டிகிரிக்குக் கீழே போகாத ஊர் இது. ஹீட் பம்ப் என்றால் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற வெந்நீருக்கு மட்டும்தான். காற்று இவ்வளவு இதமாக இருப்பதால் கருவிக்கும் இது சுகமான ஊர்.

வீடுகளில் ஹீட் பம்ப் வாங்குவதற்கென்று இங்கே இங்கிலாந்து மாதிரி மானியம் கிடையாது. மானியம் இருப்பது மொட்டை மாடி சோலாருக்கு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான் உச்சவரம்பு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்களுக்கு லாபம். நாலு பேருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் தண்ணீரை 23 டிகிரியிலிருந்து 50க்குக் கொண்டுபோக 6.3 யூனிட் வெப்பம் வேண்டும். கீசர் தொட்டியில் வீணாவதையும் சேர்த்து ஏழு யூனிட் இழுக்கும். ஹீட் பம்ப் காற்றிலிருந்தே பெரும்பகுதி வெப்பத்தை எடுத்துவிடுவதால் இரண்டு யூனிட்டில் முடித்துவிடும். நாளுக்கு ஐந்து, மாதத்துக்கு 150 யூனிட் மிச்சம். உங்கள் 330 யூனிட் 180 ஆகிவிடும். பெங்களூரு வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் மாதம் ஏறக்குறைய 120 யூனிட் தரும். கீசரை அப்படியே வைத்துக்கொண்டால் மூன்று கிலோவாட் சோலார் வேண்டும்; கீசரை மாற்றிவிட்டால் இரண்டு கிலோவாட் தாராளம். அதிக மானியம் கிடைப்பதும் அந்த முதல் இரண்டு கிலோவாட்டுக்குத்தான். அதனால் முதலில் கீசரை மாற்றுங்கள், இரண்டு மாத பில்லைப் பாருங்கள், பிறகு சோலார் அளவை முடிவு செய்யுங்கள். சோலார் விற்கிறவர்கள் இந்த வரிசையைத் திருப்பித்தான் சொல்வார்கள்.

மாதம் 150 யூனிட் மிச்சம் என்றால் வரியெல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் வாக்கில் வரும். 200 லிட்டர் ஹீட் பம்புக்கு ஒரு லட்சத்தை ஒட்டிச் செலவு வந்தால், போட்ட காசு திரும்ப எட்டு ஒன்பது வருடம் ஆகும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு இது ஒத்துவரும். இரண்டே பேர், ஆளுக்கு ஒரு பக்கெட் வெந்நீர் என்றால் வேண்டாம். நல்ல 15 லிட்டர் கீசரே போதும்.

“அல்சூரில் அப்பா கட்டிய வீடு. அப்பா தவறிப் பதினோரு வருடம் ஆகிறது. கரன்ட் பில் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. சேங்ஷன் லோடு (இணைப்புக்கு அனுமதித்த மின் சுமை) 2 கிலோவாட். சோலார் மானியத்துக்கு எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?”
– வாசகி, அல்சூர்

பெயர் மாற்றத்திலிருந்து. பழைய வீடுகளின் விண்ணப்பம் அதிகம் நிற்கிற இடம் இதுதான். சோலார் கம்பெனிக்காரர் பெரும்பாலும் இதை முன்பணம் வாங்கிய பிறகுதான் சொல்வார். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பதாரர். மானியம் விழும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். பில்லில் ‘ஆர். லட்சுமி’, வங்கியில் ‘லட்சுமி ராமன்’ என்று இருந்தால்கூடப் பணம் தொங்கும்.

பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் துணைக்கோட்ட அலுவலகத்தில் கொடுக்க இவற்றைத் தயாராக வையுங்கள்: அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வம்சாவளிச் சான்று, உங்கள் பெயருக்கு மாறிய காதா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), இந்த ஆண்டின் சொத்து வரி ரசீது, கூடப் பிறந்தவர்களின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், கடைசி பில், பாக்கி இல்லை என்பதற்கான ரசீது. காதாவே அப்பா பெயரில் இருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை. அண்ணன் தம்பி வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் அந்தக் கடிதத்துக்குத்தான் நாளாகும், இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

பெயர் மாறிப் புதிய பில் கைக்கு வந்ததும் சூர்ய கர் தேசியத் தளத்தில் மாநிலம், பெஸ்காம், பில்லில் உள்ள கணக்கு எண் மூன்றையும் கொடுத்துப் பதிவு செய்து விண்ணப்பியுங்கள். பத்து கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு தனியாக வேண்டியதில்லை, ஏற்றதாகவே கொள்ளப்படும். பிறகு அந்தத் தளத்திலேயே பதிவு பெற்ற கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பம் போடாமல் பேனலை முதலில் மாட்டிவிட்டால் மானியம் கிடையாது. பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், ‘டி.சி.ஆர்.’ பேனல் என்று கேளுங்கள். இறக்குமதிப் பேனல் விலை குறைவு என்பார்கள். அதைப் போட்டால் மானியம் முழுசாகப் போகும். விலைப் பட்டியலில் ‘டி.சி.ஆர்.’ என்று எழுதி வாங்குங்கள். மாட்டும் நாளில் ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள்.

மாட்டி முடித்ததும் கம்பெனி விவரங்களைத் தளத்தில் ஏற்றும். பெஸ்காம் ஆள் வந்து பார்த்து, வரும் மின்சாரத்தையும் நீங்கள் வெளியே தரும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டரை வைத்து, இயக்கச் சான்று தருவார்கள். அதன்பிறகு நீங்கள் வங்கி விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் ஏற்ற வேண்டும். மானியம் அப்புறம்தான் உங்கள் கணக்கில் விழும். ஆக முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் புரட்ட வேண்டும். மூன்று கிலோவாட் வரை பிணை இல்லாத கடன் உண்டு: இரண்டு லட்சம் வரை, ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டிக்கு மேல் அரை சதவீதம். தேசிய வங்கிக் கிளையில் ‘சூர்ய கர் கடன்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லாவிட்டால் வேறு வட்டிக்கு வீட்டுப் பராமரிப்புக் கடனைத் தலையில் கட்டக்கூடும்.

சேங்ஷன் லோடு உங்களுக்கு 2 கிலோவாட். சோலாரும் இரண்டு கிலோவாட் என்றால் தொட வேண்டியதில்லை. மூன்று போட்டால் லோடும் ஏறும். 2025 ஏப்ரல் கட்டணப்படி கிலோவாட்டுக்கு மாதம் 145 ரூபாய் நிலையான கட்டணம் கூடும். மூன்றாவது கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 18,000 ரூபாய் மானியத்தை, வருடத்துக்கு 1,740 ரூபாயாகப் பத்து வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். அந்த மூன்றாவது கிலோவாட் உங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே தேவையா என்று முதலில் பாருங்கள்.

“ஃப்ரேசர் டவுனில் எங்கள் வீட்டு முன்பகுதி மெட்ராஸ் டெரஸ், பின்பகுதி கல் பலகைக் கூரை. மாடியில் 200 லிட்டர் ஹீட் பம்ப் வைக்கலாம் என்கிறார் கடைக்காரர். கூரை தாங்குமா? குழாய் எல்லாம் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு).”
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

மாடியில் வைக்காதீர்கள். தண்ணீர் 200 கிலோ, கருவி 90 கிலோவுக்கு மேல். சேர்த்து 300 கிலோ, அரைச் சதுர மீட்டர் இடத்தில் உட்காரும். அதாவது சதுர மீட்டருக்கு 600 கிலோ. இன்றைய கான்கிரீட் மொட்டை மாடியையே சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். மெட்ராஸ் டெரஸில் தேக்கு உத்தரம், அதன்மேல் குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு. உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் ஈரம் இறங்கிக் கரையான் அரித்திருக்கும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. கல் பலகை இன்னும் மோசம். உள்ளே கம்பி இல்லாத கல் வளைந்து எச்சரிக்கை தராது. ஒரே நாளில் விரியும்.

மாடியில் வைத்தே ஆக வேண்டும் என்ற அவசியமும் இல்லை. சோலார் வாட்டர் ஹீட்டருக்கு வெயில் வேண்டும், அதனால் அது மாடிக்குப் போனது. ஹீட் பம்புக்கு வேண்டியது காற்று. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் இருக்கும் சந்தில், தரையிலேயே வைக்கலாம். ஆறு அங்குல உயரத்துக்குச் சிமென்ட் மேடை போடுங்கள். காற்று உள்ளே போகும் பக்கம் அரை மீட்டர், குளிர்ந்த காற்று வெளியே வரும் பக்கம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் திறந்த இடம் விடுங்கள். நாலு பக்கமும் அடைத்த ஸ்டோர் ரூமில் வைத்தால், தான் துப்பிய குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். மழைக்காலத்தில் கருவியிலிருந்து நாளுக்குச் சில லிட்டர் தண்ணீர் சொட்டும். அதற்கு ஒரு வடிகுழாய் வேண்டும். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக விசிறி பார்க்க வேண்டாம்.

தரையில் வைத்தால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் அழுத்தமும் நன்றாக இருக்கும். வெந்நீர்க் குழாயின் நீளத்தைக் குறையுங்கள். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். பதினைந்து மீட்டர் ஓடினால் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட நாலு லிட்டர் ஆறின தண்ணீர் வந்த பிறகுதான் சூடு வரும். குளியலறைக்குப் போகும் கிளைக்கு அரை அங்குலம் போதும், அதில் நிற்பது இதில் பாதி.

பழைய ஜி.ஐ. குழாயை வெந்நீருக்கு அப்படியே விட்டுவிட வேண்டாம். உள்ளே துரு அடைத்து, முக்கால் அங்குலம் பென்சில் பருமனாகியிருக்கும். வெந்நீர் பட்டதும் துரு உதிர்ந்து ஷவரை அடைக்கும். வெந்நீர் வழி முழுவதையும் சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றி, மேலே காப்புக் குழாய் சுற்றுங்கள். குளிர்நீர் வாயிலில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதற்கும் தொட்டிக்கும் நடுவில் சேஃப்டி வால்வு. தண்ணீர் சூடாகும்போது விரியும். அப்போது சேஃப்டி வால்வு சொட்டுவது இயல்பு. ‘லீக் ஆகிறது’ என்று பிளம்பர் அங்கே டம்மி போட்டு அடைத்துவிட்டுப் போனால் தொட்டிதான் பிளக்கும். வீட்டில் பிரஷர் பம்ப் இருந்தால் அதற்கென்று செய்த பிரஷர் தொட்டியையே வாங்குங்கள். அழுத்தம் தாங்காத சாதாரணத் தொட்டிக்கு வென்ட் குழாய் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாகப் போக வேண்டும். தாழ்வாக இருந்தால் வெந்நீர் அதன் வழியே கொட்டிக்கொண்டே இருக்கும்.

மின்சார வேலைக்கு முதலில் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மரப் பட்டியில் ஓடும் பழைய வயரிங்கில் எர்த் கம்பியே இருக்காது, அல்லது எங்கோ தண்ணீர்க் குழாயில் முறுக்கியிருப்பார்கள். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செப்பு வயர், மின்சாரம் மிஞ்சினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., புது எர்த் குழி. இதில் எதையும் விடக்கூடாது. ஆர்.சி.சி.பி. போட்டதும் அடிக்கடி விழுந்தால், பழைய வயரிங்கில் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ ஒன்று சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு ‘இப்போ சரியாப் போச்சு’ என்கிற எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். குளிக்கிற தண்ணீரோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

சோலார் பேனல் இந்தக் கூரையில் வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 550 வாட் பேனல் ஒன்று 30 கிலோ வாக்கில், நீளம் ஏழரை அடி. இரண்டு கிலோவாட்டுக்கு நாலு பேனல். பாரம் பெரிய பிரச்சினை இல்லை. காற்று தூக்குவதுதான் பிரச்சினை. கல் பலகையில் டிரில் போட்டு போல்ட் அடிக்க விடாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சுவருக்குச் சுவர் இரும்பு உத்தரம் போட்டு, சட்டத்தை அதன்மேல் நிறுத்தலாம். அதற்குமுன் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து உத்தர முனைகளைத் தட்டிப் பார்க்கட்டும்.

“ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறோம். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான க்ருஹ ஜோதியில் பில் பூஜ்யமாக வந்துகொண்டிருந்தது. மருமகளும் குழந்தையும் வந்த பிறகு 215, 220 யூனிட் ஆகி முழு பில்லும் கட்டுகிறோம். சோலார் போட்டுவிடலாமா?”
– வாசகி, ஸ்ரீராம்புரம்

அவசரப்படாதீர்கள் அம்மா. க்ருஹ ஜோதியில் 2022–23ஆம் ஆண்டின் மாதச் சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்ததுதான் ஒரு வீட்டுக்கான இலவச அளவு. அந்த அளவுக்கு மேல் போனால், 200 வரை கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் காசு. 200ஐத் தாண்டிவிட்டால் அந்த மாதம் முழு பில். உங்கள் இலவச அளவு 165 என்று வைத்துக்கொள்வோம். 195 யூனிட் ஆனால் முப்பதுக்குத்தான் கட்டுவீர்கள். 205 ஆனால் அத்தனைக்கும். பத்து யூனிட் வித்தியாசத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போகிறது.

இருபது இருபத்தைந்து யூனிட் குறைத்தாலே உங்கள் பிரச்சினை தீர்ந்தது. குழந்தைக்கு என்று கீசரை நாள் முழுவதும் போட்டே வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 25 லிட்டர் கீசர் சும்மா சூட்டைப் பிடித்து வைத்திருப்பதற்கே நாளுக்கு அரை யூனிட்டுக்கு மேல் போகும். தெர்மோஸ்டாட்டை 50க்கு இறக்கி, தேவைக்கு இருபது நிமிடம் முன்னால் போட்டால் போதும். ஹாலில் பழைய 75 வாட் மின்விசிறி ஓடினால் 28 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு மாற்றுங்கள், பத்து மணி நேரம் ஓடும் ஒவ்வொரு விசிறிக்கும் மாதம் 14 யூனிட் மிச்சம். இந்த இரண்டும் சேர்ந்தாலே 200க்குக் கீழே வந்துவிடுவீர்கள். பில் இவ்வளவு குறைந்துவிடும் வீட்டுக்குச் சோலார் மிச்சப்படுத்திக் கொடுக்கப் பெரிதாக எதுவுமில்லை.

“சி.வி. ராமன் நகர். ஹீட் பம்ப் போட்டு இரண்டு வருடம். முதலில் நன்றாக இருந்தது. இப்போது சூடேற நேரமாகிறது, பில்லும் குறையவில்லை. போர்வெல் தண்ணீர்தான்.”
– வாசகர், சி.வி. ராமன் நகர்

முதலில் கருவியின் திரையைப் பாருங்கள். ‘ஹைப்ரிட்’, ‘ஃபாஸ்ட்’, ‘பூஸ்ட்’ என்று ஏதாவது எரிகிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் 1,500 அல்லது 2,000 வாட் சாதாரண ஹீட்டரும் சேர்ந்து ஓடுகிறது. ‘சூடு பத்தலை’ என்று ஒருநாள் போன் செய்திருப்பீர்கள், சர்வீஸ் ஆள் அதைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். பில் குறையவில்லை என்று வரும் புகார்களில் நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ‘எகானமி’யில் வைத்து, சூட்டை 50, 52க்கு இறக்குங்கள். வாரம் ஒரு நாள் 60க்குக் கொண்டுபோனால் கிருமி தங்காது. டைமரைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வையுங்கள். விடியற்காலை 17 டிகிரிக் காற்றைவிட நண்பகல் 28 டிகிரிக் காற்றிலிருந்து வெப்பம் எடுப்பது கருவிக்கு எளிது. நல்ல காப்புள்ள தொட்டியில் மறுநாள் காலை வரை சூடு நிற்கும்.

அடுத்தது போர் தண்ணீர். உப்புப் படிவு, வெப்பம் மாற்றும் சுருளின்மேல் ஓடாகப் படியும். எனாமல் பூசிய தொட்டியென்றால் மெக்னீசியக் கம்பி ஒன்று உள்ளே இருக்கும். அது தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றுகிறது. போர் தண்ணீரில் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். விரல் பருமன் போய் நடுக்கம்பி தெரிந்தால் உடனே மாற்றுங்கள். விட்டுவிட்டால் அடுத்து அரிப்பது தொட்டியை. அதை ஒட்டுப்போட முடியாது. அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கெட் தண்ணீரை வெளியேற்றுங்கள்; சேறும் சுண்ணாம்பும் அதோடு வரும். சாஃப்ட்னர் வைத்தால் படிவு குறையும், ஆனால் மெக்னீசியம் சீக்கிரம் கரையும். அப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

உங்கள் வீட்டில் காவேரி இணைப்பும் இருந்தால் எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. காவேரிக்கும் போருக்கும் தனித்தனித் தொட்டி வைத்து, ஹீட் பம்புக்குக் காவேரித் தண்ணீரை மட்டும் கொடுங்கள். கழிவறைக்கும் தோட்டத்துக்கும் போர் போகட்டும். குழாய்ச் செலவு சில ஆயிரம்தான். கருவியின் ஆயுள் கூடும்.

“விவேக்நகரில் லீஸுக்கு இருக்கிறோம். நாங்கள் மானியம் வாங்க முடியுமா?”
– வாசகர், விவேக்நகர்

முடியாது. கூரை உள்ள வீடு விண்ணப்பதாரருடையதாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் தன் பெயரில் போட்டு, லீஸ் ஒப்பந்தத்தில் அதைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். நீங்கள் செலவு செய்வதென்றால் கையோடு கழற்றிக்கொண்டு போகிற கருவிக்கு மட்டும் செய்யுங்கள்.

“பானஸ்வாடியில் 24 வீடுகள் உள்ள பழைய அடுக்ககம். மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் பெயரில் மானியம் உண்டா?”
– வாசகர், பானஸ்வாடி

உண்டு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு, வண்டி சார்ஜர் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். வீட்டுக்கு மூன்று கிலோவாட் என்ற கணக்கில், மொத்தம் 500 கிலோவாட் வரை போகலாம். உங்கள் 24 வீட்டுக்கு வரம்பு 72 கிலோவாட். ஆனால் பொது மீட்டரின் பன்னிரண்டு மாத பில்லை எடுத்துப் பார்த்தால் பத்து, பதினைந்துக்குமேல் தேவைப்படாது. கிலோவாட்டுக்குப் பத்து சதுர மீட்டர் நிழல் விழாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும், பக்கத்தில் எழும்பப்போகும் கட்டடத்தின் நிழலும் எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். பொதுக்குழுத் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் பிறகு ஆட்சேபித்தால் அதுதான் கைகொடுக்கும்.

“‘அரசாங்க ஹீட் பம்ப் திட்டம், முழுக்க இலவசம், பதிவுக் கட்டணம் 4,999 மட்டும்’ என்று போன் வந்தது. அம்மா பணம் அனுப்பிவிட்டார். என்ன செய்வது?”
– வாசகி, காக்ஸ் டவுன்

அம்மாவைக் கோபிக்காதீர்கள், உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், நேரம், அழைத்த எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதோடு வங்கிக்கும் சொல்லி, செயலியின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவர்கள் அனுப்பிய செயலி எதையாவது அம்மா போனில் ஏற்றியிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். திரையை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

இலவச ஹீட் பம்ப் என்று ஒரு அரசுத் திட்டம் இல்லை. சோலார் மானியமும் முன்கூட்டி வராது; கருவி மாட்டி, பெஸ்காம் சோதித்த பிறகு உங்கள் கணக்குக்கு நேராக வரும். நடுவில் யாரும் அதை வாங்கித் தருவதில்லை. உண்மையான தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். வாசலில் வந்து பெஸ்காம் ஆள் என்று சொல்கிறவரையும் பெஸ்காம் உதவி எண் 1912க்கு அழைத்து விசாரித்த பிறகே மீட்டர் பக்கம் விடுங்கள்.